என் பூட்டு விடவில்லை

இந்த அறைக்கதவின் மேல் கீல் தொய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நீங்கள் தோளால் இடித்துத்தான் சாத்துகிறீர்கள். ஒரு ஸ்குரூவை மாற்றினால் போதும். ஆனால் இங்கே யாரும் மாற்றப் போவதில்லை; தோள் வலிக்கிற நாள் வரை இடித்துக்கொண்டே இருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் இருந்திருக்கிறேன், எனக்குப் பழகிவிட்டது.

உங்கள் உதவியாளர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். துக்கத்தில் கொஞ்சம் புத்தி பிசகி வந்திருக்கிறேன் என்று அவர் நினைப்பு. அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். கல்குவாரித் தண்ணீர் லாரி விஷயத்தை நீங்கள் விசாரித்து, முடித்து, ஃபைலைக் கட்டியும் வைத்துவிட்டீர்கள். விபத்து, காரணம் பிரேக் பூட்டின் கோளாறு என்று முடிவு. என்னை யாரும் தேடவில்லை. என் மேல் யாருக்கும் சந்தேகமும் இல்லை. நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன். உங்கள் முடிவு தப்பு. அதைத் திருத்திக்கொள்ளச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. கவலைப்படாதீர்கள், உங்களுக்கும் விளங்கும்படிதான் சொல்வேன்.

எங்கள் குவாரி ஒரு குன்றைக் குடைந்துகொண்டு இறங்குகிறது. ஆபீஸ் வாசலைத் தவிரச் சமதரை என்று ஒன்று கிடையாது. அங்கே ஓடுகிற வண்டிகளெல்லாம் வேறெங்கோ உழைத்து ஓய்ந்து வந்தவை. ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். கியரில் போட்டு நிறுத்தலாமே என்பீர்கள். தண்ணீர் லாரியிலும், இயந்திரங்களுக்குக் கிரீஸ் அடிக்கிற கிரீஸ் வண்டியிலும் பம்பு ஓடுவது இன்ஜினில். இன்ஜின் ஓட வேண்டும், வண்டி மட்டும் நிற்க வேண்டும். அதனால் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார்கள். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய வெறும் மரக்கட்டை. எனக்கு அந்தக் காட்சியே பிடிக்காது. அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஒரு விறகுத் துண்டு பிடித்து நிறுத்துவதாவது.

ஆகவே ஒரு பூட்டு செய்தேன். பிரேக் ஆயில் போகிற குழாயின் நடுவில் பொருத்துகிற பித்தளைப் பெட்டி, உள்ளங்கையில் அடங்கிவிடும். பெடலை நன்றாக மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிற பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு வால்வு சாத்திக்கொள்ளும். மிதித்த அழுத்தம் வெளியே போக வழியில்லாமல் குழாய்க்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். காலை எடுத்துவிட்டு நீங்கள் ஊருக்கே போனாலும் சக்கரம் இறுகினது இறுகினபடி நிற்கும். இது மாதிரிப் பொருள் கடையில் கிடைக்கிறது, தெரியும். கடைச்சரக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். என்னுடையதை நானே லேத்தில் கடைந்தேன். அழுத்தம் கசியாமல் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிற ரப்பர் ரிங் ஒன்றுதான் வெளியில் வாங்கியது.

குவாரியில் உள்ள எல்லா வண்டிக்கும் பொருத்தினேன். பொருத்திய பிறகு கட்டைகளையெல்லாம் வாங்கிக் குவித்து, ஒர்க் ஷாப்பின் டீ அடுப்புக்கு விறகாகப் போட்டுவிட்டேன். ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை. கீழே குனிகிற வேலை ஒழிந்தது என்று அவனவன் சந்தோஷமாகப் போனான். நான் அங்கே ஃபோர்மேன். வால்வுக்கும் வாளிக்கும் வித்தியாசம் தெரியாத மேனேஜர்கூட என்னைப் பார்த்தால் அன்றிலிருந்து எழுந்து நின்றுதான் பேசினார்.

இனி என் தங்கை.

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். படிக்க வைத்ததும் நான்தான். குவாரி ஸ்டோரில் உதிரிச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அடக்கமான பெண். கேட்ட சாமானைக் கொடுப்பாள், கேட்காத வார்த்தையைப் பேசமாட்டாள். வீட்டில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அந்த நிம்மதி எத்தனை வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்போதுதான் தண்ணீர் லாரிக்கு அந்த டிரைவர் வந்தான். புழுதி அடங்கக் குவாரிப் பாதையில் தண்ணீர் தெளிக்கிற லாரி அது. வந்த சில நாளிலேயே எல்லோரும் அவனை ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நல்ல பெயர். திறந்த வாய் மூடாது. வண்டி ஓட்டும்போது பாட்டு, இறங்கினால் பேச்சு, சாப்பிடும்போது இரண்டும். கல் உடைக்கிற இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே அவன் சிரிப்பு கேட்கும். படிப்பும் கிடையாது, தொழிலில் பெரிய சூட்டிகையும் கிடையாது. ஆனால் ஜனங்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. பல்லைக் காட்டுகிறவனை ஜனங்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

வாஷர் வேண்டும், போல்ட் வேண்டும் என்று ஸ்டோர் ஜன்னலுக்குப் போய்க்கொண்டே இருந்தான். ஒரு லாரிக்கு அவ்வளவு போல்ட் தேவைப்படாது என்பது எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் என் தங்கை சாப்பாட்டின் நடுவில் தலையை நிமிர்த்தி, "அண்ணே, நான் அவரைக் கட்டிக்கிறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்தேன். நல்லபடியாகவே முடித்து வைத்தேன். ஒரு குறை வைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வாரத்தில் ஒரு நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், போவேன்.

என் பூட்டின் மேல் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. எல்லோரும் கட்டையை விட்ட பிறகும் அவன் மட்டும் எங்கேயோ மரம் தேடிப் பிடித்து இரண்டு கட்டை செதுக்கிக்கொண்டான். சிவப்புச் சாயம் வேறு அடித்து, கயிறு கட்டி லாரியின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தான். மலைப்பாதையில் லாரி இறங்கி வரும்போது அவை இரண்டும் ஆடிக்கொண்டு வருவது ஒர்க் ஷாப்பிலிருந்து பார்த்தாலே தெரியும். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதானே சிவப்பு. எடுத்துப் போடச் சொன்னேன். "சரி மச்சான்" என்பான். மறுநாளும் தொங்கும்.

ஒரு நாள் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிரீஸ் வண்டி டிரைவரும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ பூட்டுக்கு வந்தது.

"மச்சான் பூட்டு நல்லாதான் பிடிக்குது" என்றான் ரேடியோ. "எங்க வீட்டுப் பூனை எலியைப் பிடிக்கிற மாதிரி. பாய்ஞ்சு பிடிக்கும், வாயில கவ்விக்கிட்டே உக்காரும், கொஞ்ச நேரத்துல எதுக்குப் பிடிச்சோம்னு மறந்துபோய் விட்டுடும்."

கிரீஸ் வண்டிக்காரன் புரைக்கேறிச் சிரித்தான். அது பரவாயில்லை, அவன் எதற்கும் சிரிப்பான். என் தங்கை சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள், அப்படியும் நிற்கவில்லை, தோள் குலுங்கியது. என் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்திலும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா தமாஷுக்குண்ணே" என்றாள். நானும் சிரித்தேன். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே குவாரி முழுவதும் என்னைப் பூனை ஃபோர்மேன் என்றது. முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல அவர்களில் ஒருவனுக்கும் முதுகெலும்பு இல்லை.

இதற்காகவா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இல்லை. கேலிக்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை நான். பொறுமையாகக் கேளுங்கள்.

வேறொரு குவாரியின் முதலாளிகள் என் பூட்டைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வண்டிகளுக்கெல்லாம் பொருத்துவதாகப் பேச்சு. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுவதற்குத் தண்ணீர் லாரியே சரி, பாரம் அதிகம் என்று அவரே முடிவு செய்து ரேடியோவை வரச் சொன்னார். அவன் மேலேயிருந்து நிறைதண்ணீரோடு இறங்கி வந்தான். சரிவு முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான். சக்கரத்திலிருந்து கருகல் வாடை அடித்தது. வண்டியைத் திருப்பி, பின்பக்கம் இறக்கத்தைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, மிதித்து, பூட்டி, இறங்கினான். கை தானாகக் கட்டைக் கயிற்றுக்குப் போயிற்று.

"கட்டை வேண்டாம்" என்றேன்.

"மச்சான், பிரேக் சூடா இருக்கு. சூட்டோட பூட்டினா ஆற ஆறத் தளருது. நான் பலதடவை பார்த்துட்டேன்."

"விருந்தாளிகள் முன்னால் வாயை மூடு" என்று மெதுவாகச் சொன்னேன். மூடினான். ஆனால் ஒரு கட்டையை அவிழ்த்துக் காலடியில் போட்டுக்கொண்டு, சக்கரத்தை விட்டு நகரவில்லை.

லாரி நின்றது. மேனேஜர் பேசினார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பெரியவர் பின்பக்கமாகப் போய்க் குனிந்து குழாயைப் பார்த்தார். டீ வந்தது. எல்லோரும் டம்ளரைக் கையில் வாங்கியிருந்த நேரத்தில் லாரி நகர்ந்தது. சத்தமே இல்லை. தூக்கத்தில் ஒருவன் புரண்டு படுப்பது போல. ரேடியோ காலால் ஒரு உதை விட்டுக் கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளினான். லாரி அதன்மேல் முட்டி நின்றது. பெரியவரின் சட்டையில் பின் பம்பரின் அழுக்கு கோடாகப் பதிந்திருந்தது. அவர் கையிலிருந்த டம்ளர் கீழே கிடந்தது.

அது நியாயமான சோதனையே இல்லை. வேண்டுமென்றே சூடேற்றிக்கொண்டு வந்து நிறுத்தினால் எந்த எண்ணெயும் ஆறும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். சரியாக ஓட்டத் தெரிந்தவன் பிரேக்கைச் சூடாக்கமாட்டான். ஆனால் அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள். ரேடியோவைத் தோளில் தூக்காத குறைதான். வந்தவர்கள் சாப்பிடாமலே காரில் ஏறிப் போனார்கள்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஃபோர்மேன், உடனே எல்லா வண்டிக்கும் பழையபடி கட்டை செஞ்சு குடுங்க. கட்டை இல்லாம ஒருத்தனும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அந்தப் பூட்டை வெச்சுக்கறதா கழட்டறதான்னு அப்புறம் பார்க்கலாம்."

அப்போது ரேடியோ நடுவில் வந்தான். "சார், மச்சானோட பூட்டு நல்ல பூட்டுதான் சார். கழட்டிடாதீங்க. கூட ஒரு கட்டை மட்டும் துணைக்கு இருந்துட்டா ராஜா மாதிரி நிக்கும்."

எனக்காகப் பரிந்து பேசினான். கேலியைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா. இதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு தண்ணீர் லாரிக்காரன் மேனேஜரிடம் எனக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறான். மேனேஜரும் அவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்.

கட்டை செய்ய மரம் வரவில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மேனேஜர் மறந்துவிட்டார், அவரைப் போன்றவர்கள் எதையும் ஒரு வாரத்துக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. டிரைவர்களும் மறந்தார்கள். குவாரியில் கட்டை இருந்தது ரேடியோவின் லாரியில் மட்டும்.

நான் யோசித்தது இதுதான். எல்லா வண்டியும் என் பூட்டில் ஒழுங்காக நிற்கும்போது அவன் வண்டி மட்டும் உருண்டால், உலகம் என்ன சொல்லும்? டிரைவர் சரியில்லை என்று சொல்லும். மிதிக்காமல் பூட்டினான், பேசிக்கொண்டே இறங்கினான், வாய் மட்டும்தான் வேலை செய்தது என்று சொல்லும். அப்படிச் சொன்னால் உண்மைக்கு ரொம்பத் தூரமும் இல்லை. பூட்டின் பெயர் காப்பாற்றப்படும். ஒரு நல்ல பொருளை ஒரு வாயாடி கெடுக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு குற்றம்தானே.

அவன் சாப்பிடப் போயிருந்த மதிய நேரத்தில் லாரியைச் சர்வீஸுக்கு என்று ஒர்க் ஷாப்பில் ஏற்றினேன். பூட்டைத் திறந்து ரப்பர் ரிங்கில் பிளேடால் மெல்லிய வெட்டு ஒன்று போட்டேன். முழுக்க அறுத்தால் பெடல் மிதித்த உடனேயே தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. பிடிக்கும்; கொஞ்ச நேரம் கழித்து விடும். நல்ல வேலை என்று நானே சொல்லிக்கொள்ளலாம். அந்த வெட்டை அவ்வளவு சரியாகப் போட அந்தக் குவாரியில் வேறு கை கிடையாது.

காலை ஒடித்துக்கொள்வான், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி இருப்பது சரிவின் கீழ்க்கோடியில். லாரியின் பின்பக்கம் தொட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு டிரைவர் இறங்கி, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குழாயை மாட்ட வேண்டும். அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்கலாம், ஒதுங்க முடியாது. அது எனக்குத் தெரியும். தொட்டி கட்டும்போது இடம் போதாது என்று மேனேஜரிடம் சொன்னவனே நான்தான்.

அன்று சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. லாரி எப்போதும் போல வந்து நின்றது, நிரப்பியது, போனது. தூரத்திலிருந்து பார்த்தேன், சக்கரத்தடியில் சிவப்பு தெரிந்தது. பூட்டு விட்டிருக்கும், கட்டை தாங்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். மறுநாள் காலை டிரைவர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு கட்டையையும் கயிற்றோடு அவிழ்த்து எடுத்துவிட்டேன். அதைத் தனியாக ஒரு குற்றமாக எழுத வேண்டாம். அவற்றை எடுக்கச் சொல்லி முன்பே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டீ அடுப்பில் போட்டேன். சாயம் எரிகிற நாற்றம் கொஞ்ச நேரம் இருந்தது.

அவன் வந்து தேடினான். லாரியைச் சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்து, கடைசியில் என்னிடம் வந்தான்.

"மச்சான், என் கட்டையைப் பார்த்தீங்களா?"

"பூட்டு இருக்கும்போது கட்டை எதுக்கு மாப்பிள்ளை?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். வழக்கமாக உடனே வருகிற சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு என் தோளில் கை வைத்தான். வேலையிடத்தில் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சரி மச்சான். இன்னிக்கு உங்க பூட்டை நம்பியே போறேன். போதுமா?"

நக்கல் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நடை ஒன்று போய், பாதையெல்லாம் தெளித்துவிட்டு, தொட்டிக்கு இறங்கி வந்தான். நான் ஒர்க் ஷாப் வாசலில் நின்றிருந்தேன். பின்னால் எடுத்து நிறுத்தினான். இறங்கினான். பாடிக்கொண்டே பின்பக்கம் போனான். குழாய் மாட்டிய பிறகும் அங்கேயே நின்றான், மூடி இறுகவில்லை போல, தட்டிக்கொண்டிருந்தான். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. கத்தவெல்லாம் இல்லை. வானொலியைத் திருகி நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

கிரீஸ் வண்டிக்காரன்தான் முதலில் ஓடினான். நான் நடந்துதான் போனேன். ஓடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஓடுவது நாடகம். யாரோ லாரியில் ஏறி முன்னால் எடுத்தார்கள். என் தங்கை ஸ்டோரிலிருந்து செருப்பில்லாமல் வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அவள் ஒரு சத்தமும் போடாமல் இருந்தாள். பழையபடி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

இதுவரை எல்லாம் நான் நினைத்தபடிதான். ரிங்கை எப்படியும் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் மேனேஜர், வாழ்நாளில் ஒரு தடவை உருப்படியாக ஒன்று செய்தார்: லாரியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆள் போட்டு, யாரையும் தொட விடவில்லை. அப்புறம் உங்கள் ஆட்கள் வந்து பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சரி, திறந்து பார்ப்பார்கள், ரிங் வெட்டுப்பட்டிருப்பது தெரியும், பராமரிப்புக் குறை, டிரைவர் கவனிக்கவில்லை என்று எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் என்ன எழுதினீர்கள்? இந்தக் கருவியை நம்பிச் சரிவில் வண்டி நிறுத்தத் தகுதி கிடையாது என்று எழுதினீர்கள். அதைப் படித்துக் காட்டிவிட்டு மேனேஜர் எல்லா வண்டியிலும் என் பூட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றுகிற வேலையைக்கூட என்னிடம் தரவில்லை. யாரோ கூலிக்காரர்கள் வந்து கேஸ் கட்டரால் குழாயோடு அறுத்தார்கள். நான் கடைந்த பித்தளையெல்லாம் பழைய இரும்போடு கிடக்கிறது, மழை பெய்து பச்சை பூத்துவிட்டது. இப்போது குவாரியில் எல்லோரும் கட்டையோடு ஓடுகிறார்கள். அதை ரேடியோ கட்டை என்கிறார்கள். சிவப்புச் சாயம் அடிக்கிறார்கள்.

அதனால்தான் வந்தேன். என் மேல் வருகிற தண்டனையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் தப்பான முடிவு எழுதப்பட்டு நிற்கக் கூடாது. ரிங்கை அறுத்தது நான். அதனால் பூட்டு விட்டது. அதனால் அவன் செத்தான். பூட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைத் திறந்து பார்க்கக்கூட உங்களுக்குக் கை வரவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டீர்கள். எடுத்து வாருங்கள், வெட்டு எங்கே என்று நானே காட்டுகிறேன்.

எழுந்து போய் எடுத்து வந்ததற்கு நன்றி. இதுதான். இந்த விளிம்பைப் பாருங்கள், எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது. கையை வையுங்கள், பரவாயில்லை.

திறந்துதான் இருக்கிறது. சரி, பார்த்திருக்கிறீர்கள்.

இந்த ரிங் முழுசாக இருக்கிறது. புதுசு. இது நான் வெட்டியது இல்லை.

அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் இருப்பதுதான் நான் வெட்டியது. ஆமாம், என் வெட்டுதான். இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

அவளா கொடுத்தாள்?

நீங்கள் சொல்வதைத் திரும்பச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். நான் வெட்டிய அன்று மதியமே லாரி கட்டையின் மேல் வந்து முட்டியிருக்கிறது. அவன் பூட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். ரிங்கை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் அவளிடம் காட்டி, அதை அங்கேயே கொடுத்துவிட்டுப் புது ரிங் வாங்கியிருக்கிறான். "மாட்டும்போது மச்சான் கை தவறியிருக்கும். வெளியில சொல்லிடாதே, ஏற்கெனவே மனுஷன் நொந்து போயிருக்காரு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். புதுசை அவனே போட்டிருக்கிறான். ஆக, மறுநாள் அவன் என் பூட்டை நம்பிப் போனபோது அதில் இருந்தது இந்த ரிங். முழு ரிங்.

அதாவது, சூட்டோடு இறங்கி வந்து பூட்டினான், ஆறும்போது அது தானாக விட்டது என்கிறீர்கள். அவன் சொன்ன மாதிரியே.

என் தங்கை பொய் சொல்கிறாள். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே என் மேல் பாசம் அதிகம்.

இல்லை என்கிறீர்கள். அவள் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். கட்டையை எடுத்தது யார் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றாளாம்.

கட்டை, கட்டை, கட்டை. நீங்களும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எடுத்தேன் என்று சொன்னேனே, எரித்தேன் என்றும் சொன்னேனே. அது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. இதில் கலக்காதீர்கள். கட்டை இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் பிறகு பூட்டு எதற்கு? ஒரு விறகுத் துண்டு இல்லாததால் மனுஷன் செத்தான் என்று எழுதுவதற்கா இவ்வளவு பெரிய கட்டடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்?

அந்தப் புது ரிங்கை யாராவது பிறகு போட்டிருக்கலாம். உங்கள் ஆட்களே போட்டிருக்கலாம். எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை, நான் எல்லாவற்றையுமா செய்ய முடியும். நான் சொல்வதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை எடுங்கள். ரிங்கை அறுத்தவன் நான். ஆகவே அவனைக் கொன்றவன் நான். நான் அறுத்த ரிங்தான் கடைசி வரை அதில் இருந்தது. முழு ரிங் இருந்திருந்தால், என் பூட்டு அவனைக் காப்பாற்றியிருக்கும்.